கை தொடாமல் கை மாறிய புத்தகம்



இன்றைய பேச்சு ஒரு கேள்வியோடு தொடங்குகிறது. நூலகத்தில் புத்தகம் இரவல் வாங்க என்னென்ன வேண்டும்?

"நூலகம் வேண்டும். நூலகர் வேண்டும். உறுப்பினர் அட்டை வேண்டும்" என்று சொல்வீர்கள். சரிதான். இன்னொன்றும் வேண்டும். கொடுக்கும் கை ஒன்று வேண்டும். வாங்கும் கை ஒன்று வேண்டும். நூலகர் புத்தகத்தை நீட்டுகிறார். வாசகர் வாங்கிக்கொள்கிறார். படித்து முடித்ததும் புத்தகம் அதே வழியில் திரும்பி வருகிறது. பிறகு வேறொருவர் கைக்குப் போகிறது. இப்படிக் கை மாறிக்கொண்டே இருப்பதுதான் நூலகம்.

ஒருவர் கையை இன்னொருவர் தொடக் கூடாது என்று ஒரு காலம் வந்தால் என்ன ஆகும்? நூலகம் என்ன செய்யும்? அப்படி ஒரு காலம் வந்தது. அதை எல்லோரும் பார்த்தோம். அப்போது புத்தகம் எப்படிக் கை மாறியது என்பதுதான் இன்றைய பேச்சு.

கதவு மூடிய நாள்

2020-ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று, கொரோனா நோய் உலகம் முழுவதும் பரவும் பெருந்தொற்று என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது. மார்ச் 25 முதல் நம் நாட்டில் ஊரடங்கு வந்தது. முதலில் 21 நாள் என்றார்கள். பிறகு அது நீண்டுகொண்டே போனது.

பேருந்து ஓடவில்லை. ரயில் ஓடவில்லை. பள்ளிக்கூடம் மூடியது. பால், காய்கறி, மளிகை, மருந்து, இவற்றுக்கு மட்டும் வழி விட்டார்கள். நூலகத்தின் கதவும் மூடியது. உயிர் காக்க அது வேண்டியிருந்தது. அதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் மூடிய கதவு எல்லோரையும் ஒரே மாதிரி பாதிக்கவில்லை. பட்டணத்தில் படித்த குடும்பத்தின் வீட்டில் அலமாரி நிறையப் புத்தகம் இருக்கும். கையில் போன் இருக்கும். அதிலேயே செய்தி படிப்பார்கள், கதை படிப்பார்கள். நூலகம் மூடினாலும் அவர்கள் படிப்பு நிற்காது.

நாற்பது வயதில் எழுத்தைக் கற்றுக்கொண்ட ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவர் வீட்டில் ரேஷன் அட்டை இருக்கும். நாள்காட்டி இருக்கும். மருந்துச் சீட்டு இருக்கும். வேறு என்ன இருக்கிறது படிக்க? மாதம் இரண்டு புத்தகம் நூலகத்தில் வாங்குவார். அதுவும் நின்று போனது.

ஒரு முறை பழகினால் நீச்சல் மறக்காது. சைக்கிள் மறக்காது. ஆனால் அரைகுறையாகப் பழகிய எழுத்து மறந்துவிடும். முதலில் கூட்டெழுத்து தடுமாறும். பிறகு நீளமான சொல் தடுமாறும். பிறகு, "கண்ணாடி கொண்டு வரவில்லை, நீயே படித்துச் சொல்" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கத் தோன்றும்.

1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. அதில் உழைத்தவர்கள் சீக்கிரமே ஒன்றைக் கண்டுகொண்டார்கள். எழுத்தைக் கற்றுக் கொடுப்பது பாதி வேலை. கற்ற எழுத்தைக் காப்பது மீதி வேலை. அதற்குத்தான் தொடர்கல்வி மையங்களும், ஊர் நூலகங்களும், இதுபோன்ற சிறு புத்தகங்களும் வந்தன. ஆகவே, நூலகம் மூடிக்கிடக்கும் ஒவ்வொரு மாதமும் புதிதாகப் படிக்கக் கற்றவருக்குத்தான் அதிக நட்டம்.

புத்தகம் நோயைச் சுமக்குமா?

கதவைத் திறக்கலாம் என்று நினைத்தபோது ஒரு பயம் குறுக்கே வந்தது. நோயாளி ஒருவர் தொட்ட புத்தகத்தை அடுத்தவர் தொட்டால் நோய் ஒட்டிக்கொள்ளுமா?

இந்தப் பயம் புதியது அல்ல. நூறு, நூற்று இருபது ஆண்டுகளுக்கு முன்பே இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இது இருந்தது. அம்மை, காசநோய் எல்லாம் நூலகப் புத்தகம் வழியாகப் பரவுகின்றன என்று மக்கள் நடுங்கினார்கள். புத்தகங்களுக்கு மருந்துப் புகை போட்டார்கள். சில இடங்களில் எரித்தே விட்டார்கள். 1907-இல் இங்கிலாந்தில் ஒரு சட்டமும் வந்தது. தொற்றுநோய் உள்ள வீட்டில் இருந்த புத்தகத்தை அப்படியே நூலகத்துக்குத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். காலம் போனது. புத்தகத்தால் நோய் பெருகவில்லை என்று தெரிந்தது. பயமும் மெல்லத் தணிந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அப்படித்தான் இருந்தது அந்தக் காலம்.

2020-இல் பயம் திரும்பி வந்தது. ஆனால் இந்த முறை ஒரு நல்ல காரியம் நடந்தது. வெறும் பயத்தோடு நிற்காமல் சோதித்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் ஓ.சி.எல்.சி. என்னும் நூலகக் கூட்டமைப்பும் பாட்டெல் என்னும் ஆய்வு நிறுவனமும் இதில் சேர்ந்து உழைத்தன. கெட்டி அட்டை, மெல்லிய அட்டை, உள்ளே உள்ள தாள், பிளாஸ்டிக் உறை ஆகியவற்றின் மேல் கொரோனா கிருமியை வைத்தார்கள். எத்தனை நாள் இருக்கிறது என்று பார்த்தார்கள்.

தனித்தனியாக வைத்த பொருள்களில் 3 நாள் கழித்துக் கிருமி தென்படவில்லை. இன்னொரு சோதனையில் பொருள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தார்கள். அப்போது 6 நாள் கழித்தும் கிருமியின் அடையாளம் தெரிந்தது. காற்றாடப் பரப்பி வைப்பதும் அடுக்கி வைப்பதும் ஒன்றல்ல என்று புரிந்தது.

இதனால் பல நாடுகளின் நூலகங்களில் ஒரு புது வழக்கம் வந்தது. திரும்பி வந்த புத்தகத்துக்கும் ஓய்வு! மூன்று நாள், நான்கு நாள் அதைத் தனியே ஒதுக்கி வைத்தார்கள். மனிதர்களைத் தனிமைப்படுத்தியது போலவே புத்தகத்தையும் தனிமைப்படுத்தினார்கள். அதன் பிறகே அடுத்தவருக்குக் கொடுத்தார்கள்.

ஓர் ஆண்டு போனது. அறிவு இன்னும் தெளிந்தது. கொரோனா பெரும்பாலும் மூச்சுக்காற்று வழியாகவே பரவுகிறது என்று தெரிந்தது. பொருளைத் தொடுவதால் நோய் வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று 2021 ஏப்ரலில் அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் சொன்னது. புத்தகத்துக்கு ஓய்வு தேவையில்லை, கையைக் கழுவினால் போதும், கூட்டமாக அடைந்து நிற்காமல் காற்றோட்டம் பார்த்துக்கொண்டால் போதும் என்று நூலகங்கள் மாறின.

முதலில் சொன்னது ஒன்று, பிறகு சொன்னது ஒன்றா என்று சிலர் கேட்பார்கள். அது பொய் அல்ல. இருட்டில் தடவி நடப்பவர் மெதுவாக நடப்பார். விளக்கு வந்ததும் நடையை மாற்றிக்கொள்வார். அறிவு வளரும் வழி அதுதான்.

முகம் பார்க்காமல் கொடுக்கும் வழிகள்

அந்த நாட்களில் நூலகங்கள் பல வழிகளைக் கையாண்டன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் வழி, வாசல் மேசை. வாசகர் போனில் பேசி, வேண்டிய புத்தகத்தைச் சொல்வார். நூலகர் அதை எடுத்துப் பையில் போடுவார். பையின் மேல் பெயர் எழுதுவார். வாசலில் உள்ள மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். வாசகர் வந்து தன் பெயர் உள்ள பையை எடுத்துக்கொள்வார். இருவரும் நெருங்க வேண்டியதே இல்லை.

இரண்டாவது வழி, திருப்பும் பெட்டி. இது தபால் பெட்டி போல இருக்கும். சுவரில் ஒரு திறப்பு இருக்கும். படித்த புத்தகத்தை அதில் போட்டுவிட்டுப் போகலாம். நூலகம் மூடியிருந்தாலும் போடலாம். இரவிலும் போடலாம்.

மூன்றாவது வழி, பூட்டுப் பெட்டகம். ரயில் நிலையத்தில் பயணிகளின் பையை வைக்கும் பெட்டகம் போன்றது. வாசகர் கேட்ட புத்தகம் ஓர் அறைக்குள் இருக்கும். அட்டையைக் காட்டினால் அந்த அறை மட்டும் திறக்கும்.

நான்காவது வழி, தானே பதிந்துகொள்ளும் இயந்திரம். வாசகரே அலமாரியில் புத்தகத்தை எடுப்பார். இயந்திரத்தின் மேல் வைப்பார். தன் அட்டையைக் காட்டுவார். இன்ன தேதிக்குள் திருப்ப வேண்டும் என்று ஒரு சீட்டு வரும். வேலை முடிந்தது.

இயந்திரத்துக்கு எப்படித் தெரிகிறது, இது இன்ன புத்தகம் என்று? புத்தகத்தின் உள்ளே ஒரு மெல்லிய வில்லை ஒட்டியிருக்கும். அதில் அரிசியை விடச் சிறிய ஒரு சில்லு இருக்கும். அதைச் சுற்றி மெல்லிய உலோகக் கம்பி சுருண்டிருக்கும். அதற்கு மின்கலம் கிடையாது. இயந்திரம் கண்ணுக்குத் தெரியாத வானொலி அலையை அனுப்புகிறது. அந்த அலையிலிருந்தே சில்லுக்குச் சக்தி கிடைக்கிறது. உடனே அது தன் எண்ணைச் சொல்கிறது. நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடியில் காரின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் வில்லையைப் பார்த்திருப்பீர்கள். வண்டி வந்ததும் பணம் தானாகக் கழிகிறது அல்லவா? இதுவும் அதே முறைதான். பதியாத புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனால் வாசலில் மணி அடிக்கும்.

இந்த முறை கொரோனாவுக்காக வந்தது அல்ல. சிங்கப்பூரில் 1998-லேயே புக்கிட் பாத்தோக் என்னும் இடத்து நூலகத்தில் இதைச் சோதித்தார்கள். பிறகு அந்த நாட்டின் பொது நூலகங்கள் எல்லாவற்றுக்கும் அது பரவியது. சிங்கப்பூரில் தமிழும் ஆட்சிமொழி. அங்குள்ள பொது நூலகங்களில் தமிழ்ப் புத்தகமும் உண்டு. அவற்றையும் இப்படித்தான் வாங்குகிறார்கள். வரிசையில் நிற்கும் நேரத்தைக் குறைக்கத்தான் அங்கே இதைக் கொண்டுவந்தார்கள். 2020 ஏப்ரலில் அங்கேயும் நூலகங்கள் மூடின. ஜூலையில் படிப்படியாகத் திறந்தபோது, வரிசையைக் குறைக்க வந்த அதே இயந்திரம் நெருக்கத்தையும் குறைத்தது. மழைக்கு வாங்கிய குடை வெயிலுக்கும் உதவியது.

இயந்திரம் இல்லாத ஊரில்

"இதெல்லாம் பணக்கார நாட்டுக் கதை. எங்கள் ஊர் நூலகத்தில் மின்விசிறியே ஓடவில்லை" என்று சொல்வீர்கள். நியாயம்தான். நம் நாட்டில் பெரும்பாலான ஊர் நூலகங்களில் இந்த இயந்திரம் இல்லை.

ஆனால் மக்கள் புத்தகத்திடம் வர முடியாதபோது புத்தகம் மக்களிடம் போகலாம். இது நம் நாட்டுக்கு மிகவும் பழைய பழக்கம். பரோடா மன்னர் சாயாஜிராவ் 1910-ஆம் ஆண்டை ஒட்டி நூலகங்களை வளர்த்தபோது, பெட்டி பெட்டியாகப் புத்தகங்கள் கிராமங்களுக்குப் போயின. 1931-இல் தஞ்சைச் சீமையின் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார்கள். நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் அதைத் தொடங்கிவைத்தார். புத்தகம் பூட்டி வைப்பதற்கு அல்ல, பயன்படுத்துவதற்கே என்று வாழ்நாள் முழுவதும் சொன்னவர் அவர்.

கேரளத்தில் பல ஊர் நூலகங்களிலிருந்து பெண்கள் வீடு வீடாகப் புத்தகம் கொண்டுபோகிறார்கள். தோளில் பை, பையில் புத்தகம், கையில் ஒரு பதிவேடு. மலை மாவட்டமான வயநாட்டில் இப்படி நடந்தே போகும் நூலகர் உண்டு. இந்த ஏற்பாடு கொரோனாவுக்கு முன்பே இருந்தது. வேலை முடித்து வந்து, சமைத்து, பிள்ளைகளைப் பார்த்து, நூலகத்துக்குப் போக நேரம் இல்லாத பெண்களுக்காக வந்தது அது. யோசித்துப் பாருங்கள். பல பெண்களுக்கு ஊரடங்கு இல்லாத நாளிலும் நூலகக் கதவு மூடித்தான் இருந்தது. பையோடு வந்த பெண்தான் அதைத் திறந்தார்.

கர்நாடகத்தில் கிராமப் பஞ்சாயத்து நூலகங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. 2020-இல் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது அரசு அங்கே ஒரு திட்டம் தொடங்கியது. அதன் பெயர் 'ஓதுவ பெளகு'. 'படிப்பின் ஒளி' என்று பொருள். கிராமத்துப் பிள்ளைகளைக் கட்டணம் இல்லாமல் நூலகத்தில் உறுப்பினர் ஆக்கினார்கள். பள்ளிக்கூடம் மூடிய நேரத்தில் நூலகம் பிள்ளைகளைத் தேடியது.

வடகிழக்கே மிசோரம் மாநிலம் இருக்கிறது. அதன் தலைநகர் ஐசால். ஐசாலுக்கு வெளியே செலிங் என்ற ஊர்ப் பக்கம் நெடுஞ்சாலை ஓரத்தில் சிறு சிறு கடைகள் உண்டு. காய்கறி, பழம் வைத்திருப்பார்கள். விலை எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். பணம் போட ஒரு டப்பா இருக்கும். கடைக்காரர் இருக்க மாட்டார்! அவர் மலைக்காட்டில் பயிர் வேலைக்குப் போயிருப்பார். வாங்குகிறவரே விலையைப் படித்துப் பணத்தைப் போட்டுவிட்டுப் போவார். ஐசால் நகரில் இதே போலச் சாலையோரச் சிறு நூலகமும் உண்டு. சில அடுக்கு புத்தகம், உட்கார ஓர் இருக்கை. அவ்வளவுதான். 2020-இல் அதன் படம் நாடு முழுவதும் பேசப்பட்டது.

அந்தக் கடை எதனால் நடக்கிறது? இரண்டு காரணம். வாங்குகிறவர் மேல் விற்கிறவருக்கு நம்பிக்கை இருக்கிறது. இது ஒன்று. எழுதி வைத்த விலையை வாங்குகிறவரால் படிக்க முடிகிறது. இது இரண்டு. ஆள் இல்லாமல் புத்தகம் கொடுப்பதற்கும் இந்த இரண்டும்தான் அடிப்படை. இயந்திரம் அதற்குப் பிறகுதான்.

கட்டைவிரலும் கையெழுத்தும்

2020 மார்ச்சில் இன்னொன்றும் நடந்தது. மத்திய அரசு ஊழியர்கள் கைரேகை இயந்திரத்தில் விரல் வைக்க வேண்டாம், பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் போதும் என்று ஆணை வந்தது. பலரும் விரல் வைக்கும் இடத்தில் விரல் வைக்கக் கூடாது என்பதற்காக.

இதை எழுத்தறிவு வகுப்புக்கு வந்தவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். கட்டைவிரலுக்கு மை தேவையில்லை, பேனா போதும் என்றுதானே அவர்கள் வகுப்புக்கே வந்தார்கள்!

இயந்திரம் இல்லாத நூலகத்தில் ஆள் உதவி இல்லாமல் புத்தகம் எடுப்பது எப்படி? ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அதில் ஐந்து கட்டம் போட வேண்டும். தேதி, பெயர், புத்தகத்தின் பெயர், புத்தக எண், கையெழுத்து. வாசகரே எழுதுவார். அவரவர் பேனாவைக் கொண்டுவருவார். திருப்பும் நாளில் அதே வரியில் மறுபடி தேதி போடுவார். முடிந்தது கணக்கு.

எளிய காரியம் போலத் தெரிகிறது. ஆனால் எண்ணிப் பாருங்கள். நேற்று வரை பெயருக்கு எதிரே கைநாட்டு வைத்தவர் இன்று தன் பெயரைத் தானே எழுதுகிறார். புத்தகத்தின் பெயரைப் படித்து எழுதுகிறார். எண்ணைப் பார்த்து எழுதுகிறார். யாரும் சரிபார்க்க நிற்கவில்லை. அவர் எழுதியதே கணக்கு. அவர் சொன்னதே சாட்சி. இதைவிடப் பெரிய பரீட்சை உண்டா? இதைவிடப் பெரிய மரியாதை உண்டா?

இயந்திரம் சொல்லாத சொல்

இதில் ஒரு குறையும் உண்டு. அதை மறைக்கக் கூடாது.

இயந்திரம் புத்தகத்தைக் கொடுக்கும். எந்தப் புத்தகம் உங்களுக்கு ஏற்றது என்று சொல்லாது. "போன வாரம் கொண்டுபோனது கஷ்டமாக இருந்ததா? இந்தா, இது பெரிய எழுத்து. இதைப் படித்துப் பார்" என்று நூலகர் சொல்வாரே, அந்தச் சொல் இயந்திரத்திடம் கிடையாது. போனில் பதிவு செய்ய வேண்டும் என்றால், போன் இல்லாதவர் வெளியே நிற்பார். திரையில் ஆங்கிலம் மட்டும் வந்தால், தமிழ் மட்டும் தெரிந்தவர் தயங்கித் திரும்பிவிடுவார். தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்படுவார். மறுநாள் வர மாட்டார்.

ஆகவே இயந்திரம் வைக்கும் ஊரில் மூன்று காரியம் கேட்டு வாங்க வேண்டும். ஒன்று, திரையில் அந்த ஊர் மக்களின் மொழி வேண்டும். இரண்டு, போன் இல்லாதவருக்கும் ஒரு வழி வேண்டும். மூன்று, முதல் சில முறை பக்கத்தில் நின்று காட்டித் தர ஓர் ஆள் வேண்டும். நூலகரின் கணக்கு எழுதும் வேலையை இயந்திரம் எடுத்துக்கொள்ளட்டும். அவருக்குக் கிடைக்கும் நேரம் வாசகரோடு பேசுவதற்குப் பயன்படட்டும்.

அடுத்த முறை

2023 மே 5 அன்று, கொரோனா உலக அளவில் இனி அவசரநிலை அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நூலகங்கள் திறந்துவிட்டன. ஆனால் கதவு மூடும் நாள் இனி வராது என்று யார் சொல்ல முடியும்? வேறொரு நோய் வரலாம். வெள்ளம் வரலாம். புயல் வரலாம். அப்போது என்ன செய்வது என்று இப்போதே பேசி வைப்பது நல்லது.

உங்கள் ஊரில் கூடிப் பேசுங்கள். நூலகத்தின் உறுப்பினர் யார் யார், எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எழுதி வையுங்கள். தெருவுக்கு ஒருவர் புத்தகப் பை சுமக்க முன்வரட்டும். துணிப் பைகள் சில தைத்து வையுங்கள். பழைய மரப்பெட்டியில் ஒரு திறப்பு வெட்டினால் திருப்பும் பெட்டி ஆகிவிடும். மழை படாத இடத்தில் அதை வையுங்கள். ஐந்து கட்ட நோட்டை இன்றே தொடங்கிப் பழகுங்கள். கதவு மூடும் நாள் வந்தால், திரும்பக் கொடுக்கும் கெடுவை நீட்டச் சொல்லி நூலகரைக் கேளுங்கள். அபராதத்துக்குப் பயந்து யாரும் புத்தகத்தை விட்டு விலகக் கூடாது. நோய்க்காலம் என்றால் அந்த நோய் எப்படிப் பரவும் என்று சுகாதார நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்டபடி நடங்கள். வதந்தியை நம்பிப் புத்தகத்தை ஒதுக்காதீர்கள். அலட்சியமாகவும் இருக்காதீர்கள்.

கை தொடாமல் இருக்கலாம். முகம் பார்க்காமலும் சில காலம் இருக்கலாம். படிக்காமல் மட்டும் இருக்க வேண்டாம். கஷ்டப்பட்டுக் கற்ற எழுத்து அது. அதைக் கைவிடாதீர்கள்.